தகர டிக்கெட்டும் ஐ.பி. முகவரியும்

எங்க குழுவில் ஒரு தங்கச்சி, ஏ.எல். முடித்துவிட்டு வீட்டிலிருந்தே ஒன்லைன் வகுப்பு படிக்கிறவள், போன மழைக்காலத்தில் பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்குப் போய் சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் ஒன்று வாங்கினாள். கடையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் சரி. அடுத்த கட்டம்: வீட்டு இலக்கம், வீதி. அவள் எழுதினாள்: மேல் டிவிஷன், 7ஆம் லயம், 4ஆம் காம்பரா.

கவுண்டரில் இருந்த பிள்ளை அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, ரோட்டு பேரு என்னா?" என்று கேட்டது.

"ரோட்டு இல்லம்மா, லயம்."

"ரோட்டு பேரு போடாட்டி கம்பியூட்டர் எடுக்காது அக்கா."

கடைசியில் வீதி என்ற இடத்தில் தோட்டத்தின் பெயரையும் வீட்டு இலக்கம் என்ற இடத்தில் 4 என்பதையும் போட்டு முடித்தார்கள். சரி, அந்தத் தோட்டத்தில் 4ஆம் காம்பரா எத்தனை இருக்கும்? லயத்துக்கு ஒன்று.

வீட்டுக்கு வந்து ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு ஸ்டிக்கர். அதில் 192.168.1.1. அன்றைக்கு ராத்திரி குழுவில் கேட்டாள்: "இது என்னா நம்பர்? எங்க மாமா வீட்டு ரவுட்டர்லயும் இதே நம்பர்தான் இருக்கு. ரெண்டு வீட்டுக்கு எப்படி ஒரே முகவரி?" நாங்கள் ஆளுக்கொரு பதில் சொன்னோம். பதில் வளர்ந்துகொண்டே போனது. 4ஆம் காம்பராவும் 192.168.1.1உம் ஒரே மாதிரியான விஷயம் என்று யாரோ சொன்ன பிறகுதான், இதை எங்க சரித்திரத்திலிருந்தே சொல்லலாம் என்று தோன்றியது.

*

முதலில் தகர டிக்கெட்.

கோப்பிக் காலத்தில் எங்க ஆட்கள் மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்து வந்தார்கள். 2023இல் 'மலையகம் 200'க்காகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்களே, அந்தப் பாதைதான். தேயிலைக் காலத்தில், 1900களின் தொடக்கத்தில், தோட்ட முதலாளிமார் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தார்கள். தமிழ்நாட்டில் ஆள் சேர்க்கும்போதே ஒவ்வொருவருக்கும் ஒரு சின்னத் தகரத் தகடு கொடுத்துவிடுவார்கள். அதில் தோட்டத்தின் பதிவு எண்ணும், அந்த ஆளின் வரிசை எண்ணும் குத்தியிருக்கும். (கடன் எழுதிக் கொடுத்த 'துண்டு' வேறு, இது வேறு. துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.)

அந்தத் தகட்டை வைத்துக்கொண்டால் ஆள் எதுவும் பேச வேண்டியதில்லை. முகாமில் பார்த்தார்கள், ரயிலில் ஏற்றினார்கள், கப்பலில் ஏற்றினார்கள், மறுபடி ரயில். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையில் கப்பல் ஓடத் தொடங்கியது. பிறகு மண்டபம் முகாம் வந்தது. ஒவ்வொரு இடத்திலும் இருந்தவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இந்த எண்ணுக்கு அடுத்த நிறுத்தம் எது? முழுப் பாதையும் யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. பெயரும் தேவையில்லை. செலவு தோட்டத்தின் கணக்கில் ஏறும்.

இன்டர்நெட்டில் ரவுட்டிங் என்று சொல்வது இதைத்தான். நீங்க போனில் 3 எம்.பி. போட்டோ ஒன்றை அனுப்பினால் அது முழுசாகப் போகாது. சுமார் 1,500 பைட் அளவுள்ள துண்டுகளாக, கிட்டத்தட்ட 2,000 துண்டுகளாகப் பிரிந்து போகும். அந்தத் துண்டுக்குப் பெயர் பக்கெட். 1960களில் அமெரிக்காவில் போல் பாரனும் இங்கிலாந்தில் டொனால்ட் டேவிஸும் தனித்தனியாக இந்த யோசனைக்கு வந்தார்கள். பக்கெட் என்ற பெயரை வைத்தவர் டேவிஸ். ஒவ்வொரு பக்கெட்டின் தலைப்பிலும் ஐ.பி. முகவரி இருக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு ரவுட்டரும் அதைப் பார்த்து அடுத்த ரவுட்டருக்குத் தள்ளிவிடும், அவ்வளவுதான். உள்ளே இருப்பது கல்யாணப் போட்டோவா, செத்த வீட்டுச் செய்தியா என்று அதற்குக் கவலை இல்லை.

மனுசரைப் பக்கெட்டோடு ஒப்பிடுவது எங்களுக்கும் உறுத்துகிறது. ஆனால் அப்படி அனுப்பியது நாங்க இல்லையே.

ஐ.பி. முகவரியின் அமைப்பும் தகர டிக்கெட் மாதிரிதான். 192.168.1.4 என்றால், வீட்டு ரவுட்டரில் சாதாரணமாக முதல் மூன்று எண்களும் சேர்ந்து எந்த நெட்வொர்க் என்று சொல்லும். கடைசி எண் அதற்குள் எந்தக் கருவி என்று சொல்லும். தோட்ட எண், ஆள் எண். ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால் 'சப்நெட் மாஸ்க் 255.255.255.0' என்று ஒன்று இருக்கும். கோடு எந்த இடத்தில் விழுகிறது, எதுவரை தோட்டம், எதிலிருந்து ஆள் என்று காட்டுவது அதுதான்.

ஆனால் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. பக்கெட்டில் எப்போதும் இரண்டு முகவரி இருக்கும்: போகிற இடம் ஒன்று, வந்த இடம் ஒன்று. அதனால்தான் பதில் திரும்பி வருகிறது. தகரத்தில் குத்தியிருந்தது தோட்டம் மட்டும்தான். ஊர் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று தீர்மானித்தபோது, போக வேண்டியவர்களில் எத்தனையோ பேருக்குத் தங்க ஊர் எது என்றே தெரியாது. தாத்தாவோ, தாத்தாவின் அப்பாவோ விட்டுவிட்டு வந்த ஊர். திரும்பும் முகவரி எழுதாத பக்கெட்டுக்கு நெட்வொர்க்கில் பதில் கிடையாது. இங்கே ஆட்களையே திருப்பி அனுப்பினார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் மறுபடி தேயிலை மலையிலேயே போய் நின்றவர்கள் உண்டு.

*

இப்போது தங்கச்சியின் கேள்வி. எல்லா வீட்டிலும் ஏன் ஒரே நம்பர்?

இதற்குத் தோட்டத்துத் தபால் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். டவுனில் தபால்காரர் வீட்டு வாசலுக்கு வருவார். லயத்துக்கு வரமாட்டார். தோட்டத்திலிருந்து ஒரு ஆள் போஸ்ட் ஒஃபிசுக்கு நடந்து போய்ப் பையை வாங்கி வருவார். வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய புத்தகங்களில் அவருக்குப் பெயர் 'தப்பால் கூலி'. பை ஒஃபிசுக்குப் போகும். துரையுடையது பங்களாவுக்கு. மற்றதெல்லாம் கிளாக்கரின் மேசைக்கு. அவரிடம் செக்ரோல் இருக்கும், யார் எந்த லயத்தில், எந்தக் கங்காணியின் கீழ் என்று தெரியும். அதைப் பார்த்துப் பிரித்துக் கொடுப்பார். இந்த முறை இன்றைக்கும் பல தோட்டங்களில் அப்படியேதான் இருக்கிறது.

வெளியுலகத்துக்கு அந்தத் தோட்டம் முழுவதும் ஒரே முகவரி. உள்ளே எத்தனை நூறு குடும்பம் இருந்தாலும் சரி. 4ஆம் காம்பரா என்பது உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் அர்த்தமுள்ள எண். பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு 4ஆம் காம்பரா இருப்பதால் யாருக்கும் குழப்பம் இல்லை, ஏனென்றால் அந்த எண் தோட்டத்தின் எல்லையைத் தாண்டி வெளியே போவதில்லை.

உங்க வீட்டு ரவுட்டர்தான் அந்தக் கிளாக்கர். அவர் செய்கிற வேலைக்குப் பெயர் நாட், அதாவது முகவரி மாற்றம். உங்க போன் 192.168.1.4. நீங்க யூடியூப் திறந்தால் பக்கெட் ரவுட்டருக்கு வரும். ரவுட்டர் 'வந்த இடம்' என்பதில் 192.168.1.4ஐ அழித்து, கம்பனி கொடுத்த வெளி முகவரியை எழுதும். கூடவே போர்ட் என்று ஒரு எண்ணையும் போட்டு, தன் அட்டவணையில் ஒரு வரி எழுதி வைக்கும்: இந்தப் போர்ட்டுக்குப் பதில் வந்தால் அது 4க்கு உரியது. பதில் வந்ததும் அட்டவணையைப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். அம்மாவின் போன், தம்பியின் போன், லெப்டொப் எல்லாம் ஒரே வெளி முகவரியில் போய்வருவது இப்படித்தான். போர்ட் எண்கள் 0 முதல் 65,535 வரை இருப்பதால் ஒரு வீட்டுக்குத் தாராளம்.

அட்டவணையில் இல்லாமல் வெளியிலிருந்து தானாக ஒரு பக்கெட் வந்தால்? யாருக்கு என்று தெரியாது. ரவுட்டர் அதைத் தூக்கிப் போட்டுவிடும். வீட்டுக் கருவிகளுக்கு அது ஒருவகைப் பாதுகாப்பும்தான்.

ஏன் இப்படி ஒரு சுற்று வழி? முகவரி போதவில்லை, அதுதான் காரணம். இன்டர்நெட்டின் இன்றைய விதிமுறை 1983 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. அப்போது ஒரு முகவரிக்கு 32 பிட் ஒதுக்கினார்கள். அதில் வரக்கூடியது மொத்தம் 429 கோடி சொச்சம். உலகத்தில் கம்பியூட்டர் வைத்திருந்தவர்கள் கொஞ்சப் பேராக இருந்த காலத்தில் அது கடல் மாதிரித் தெரிந்தது. பத்து வருசத்துக்குள் பயம் வந்தது. 1994இல் நாட் யோசனையை எழுதினார்கள். 1996இல் 10, 172.16, 192.168 என்று தொடங்கும் சில தொகுதிகளைத் தனியாக ஒதுக்கி, 'இவை வீட்டுக்குள், ஒஃபிசுக்குள் மட்டும். யார் வேண்டுமானாலும் பாவிக்கலாம், வெளியே செல்லாது' என்று வைத்தார்கள். உங்க ஸ்டிக்கரில் இருக்கிறது அந்தக் காம்பரா நம்பர். 2011 பெப்ரவரியில் உலகளாவிய கையிருப்பு தீர்ந்தது. அதே வருசம் ஏப்ரலில் எங்க பக்கத்து ஆசிய பசிபிக் பதிவகமும் ரேஷன் முறைக்கு வந்தது.

அதனால் கம்பனிகள் இன்னொரு கிளாக்கரையும் வைத்தன. வீட்டு ரவுட்டருக்குக் கொடுக்கிற முகவரியே உண்மையான வெளி முகவரி இல்லை. அதுவும் ஒரு உள் முகவரி. கம்பனியின் பெரிய நாட் பெட்டிக்குப் பின்னால் எத்தனையோ வீடுகள் ஒரே வெளி முகவரியில் நிற்கும். 2012இல் இதற்கென்றே 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதியை ஒதுக்கினார்கள். சிம் போடுகிற ரவுட்டர்களில் இது மிகச் சாதாரணம்.

நீங்களே பார்க்கலாம். பிரவுசரில் 192.168.1.1 அடித்து (உங்க ஸ்டிக்கரில் வேறு எண் இருந்தால் அதை) ரவுட்டருக்குள் போங்க. 'வேன்' முகவரி என்று ஒன்று காட்டும். பிறகு 'என் ஐ.பி. என்ன' என்று கூகுளில் தேடுங்க. இரண்டும் வேறாக இருந்தால் உங்களுக்கு மேலே இன்னொரு கிளாக்கர் இருக்கிறார். கேம் விளையாடுகிற தம்பிமாருக்கு 'நாட் டைப் ஸ்ட்ரிக்ட்' என்று வருவதும், வீட்டுக் கேமராவை வெளியிலிருந்து நேரடியாகப் பார்க்க முடியாமல் போவதும் பெரும்பாலும் இதனால்தான். அந்த முகவரியில் வேறு யாரோ செய்த குழப்படிக்காகச் சில தளங்கள் உங்களையும் தடுக்கும். ஒருத்தன் செய்ததுக்கு முழு லயத்துக்கும் பேர் கெட்டுப் போகிற மாதிரி.

இதற்கு முடிவு ஐ.பி.வி.6. 32 பிட்டுக்குப் பதில் 128 பிட். உலகத்தில் உள்ள ஒவ்வொரு போனுக்கும் பல்புக்கும் சொந்த முகவரி கொடுத்தாலும் தீராது. 2012 ஜூன் 6இல் பெரிய நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து அதை நிரந்தரமாகத் திறந்துவிட்டன. ரவுட்டரில் அதற்கான பொத்தான் இருந்தால் போட்டுப் பாருங்க. கம்பனியும் கொடுத்தால்தான் வேலை செய்யும்.

எங்க குழுவில் ஒரு அண்ணன் இதை வாசித்துவிட்டுச் சொன்னார்: "நாட் கெட்டது இல்லடா. அட்டவணை யார் கையில இருக்குங்கறதுதான் விஷயம்." அவருக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் ஒன்று ஒஃபிஸ் மேசையில் கிடந்து, நாள் கடந்து கைக்கு வந்தது. எங்க வீடுகளில் இப்படி ஆளுக்கொரு கதை உண்டு. ரவுட்டரின் அட்டவணை ஒரு விநாடிக்குள் பதிலைக் கொண்டுவந்து தருகிறது, சம்பளத்துக்கு முந்தின நாளா என்று பார்ப்பதில்லை.

வீட்டு ரவுட்டரின் அட்டவணை எங்க கையில் இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் முக்கால்வாசிப் பேர் அதன் சாவியை மாற்றுவதே இல்லை. ஸ்டிக்கரில் உள்ள அட்மின் பாஸ்வேர்டு சில மொடல்களில் எல்லாப் பெட்டிக்கும் ஒன்றுதான். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் மாற்றுங்க.

*

4ஆம் எண்ணை உங்க போனுக்கு யார் கொடுத்தது? அதுவும் ரவுட்டர்தான். அந்த வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். போன் வந்து "எனக்கு ஒரு இடம் குடு" என்று கேட்கும், ரவுட்டர் காலியாக உள்ள ஒரு எண்ணைக் குறிப்பிட்ட நேரத்துக்குக் கொடுக்கும். அந்த நேரத்துக்குப் பெயர் லீஸ், குத்தகை. நேரம் முடிந்து புதுப்பிக்காவிட்டால் அந்த எண் வேறு கருவிக்குப் போய்விடும். வேலைக்குப் பெயர் பதிந்திருக்கும்வரை காம்பரா, பெயர் வெட்டினால் காலி பண்ணு என்ற சட்டத்தோடு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எங்களுக்கு மட்டும் இல்லை, தோட்டங்களே லீஸில்தான் ஓடுகின்றன: 1972, 1975 காணிச் சட்டங்களில் அரசுக்குப் போன தோட்டங்களை 1992இல் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைத்தார்கள், பிறகு 53 வருடக் குத்தகை.

பெயர்களுக்கு வருவோம். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் தோட்டப் பெயர்களில் பல வெள்ளைக்காரன் வைத்தவை: கேம்பியன், சப்பல்டன், கெர்க்கஸ்வோல்ட். எங்க ஆட்கள் அவற்றைத் தங்க வாய்க்கு ஏற்றமாதிரி மாற்றினார்கள், சிலவற்றுக்கு முழுதாக வேறு பெயரே வைத்தார்கள். அதனால் பழைய தோட்ட டிரெக்டரிகளில் ஆங்கிலப் பெயர்களோடு தமிழ்ப் பெயர்களின் பட்டியலும் அச்சடித்திருப்பார்கள். கொழும்பிலிருந்து வருகிறவர் ஒரு பெயரைச் சொல்லுவார், பஸ்காரருக்கு இன்னொன்று சொன்னால்தான் விளங்கும்.

இன்டர்நெட்டில் டிரெக்டரி வேலையைச் செய்வது டி.என்.எஸ். நாம் தளத்தின் பெயரை அடிக்கிறோம், அது எண்ணை எடுத்துக் கொடுக்கிறது. முன்பு கலிபோர்னியாவில் ஒரே ஒரு ஒஃபிஸ் எல்லாக் கம்பியூட்டர்களின் பெயர்ப் பட்டியலையும் ஒரே கோப்பில் வைத்திருந்தது. எலிசபெத் ஃபெயின்லர் என்ற பெண்ணின் குழுதான் அதைப் பராமரித்தது. பட்டியல் பெருத்துத் தாங்காமல் போனதும் 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் அதைக் கிளைகளாகப் பிரிக்கும் முறையை உருவாக்கினார். கிளைகளில் ஒன்று எங்க நாட்டின் '.எல்.கே.', அது 1990இலிருந்து இருக்கிறது. 2010இல் '.இலங்கை' என்று தமிழிலேயே ஒரு கிளை கிடைத்தது. உள்ளே டி.என்.எஸ். அதை இங்கிலீஷ் எழுத்துக் குறியீடாக மாற்றித்தான் வைத்திருக்கிறது. இருந்தாலும் முகவரிப் பட்டையில் தமிழில் அடித்தால் போய்ச் சேரும். நாங்க யாரும் அதைப் பாவிக்கிறதே இல்லை என்பது வேறு கதை.

போனில் சிக்னல் முழுசாக இருந்தும் "தளம் கிடைக்கவில்லை" என்று வந்தால் சிலவேளை டி.என்.எஸ்.தான் படுத்திருக்கும். ரோடு நல்லாத்தான் இருக்கு, டிரெக்டரிதான் தொலைஞ்சிருச்சு. 8.8.8.8, 1.1.1.1 மாதிரிப் பொது டி.என்.எஸ். ஒன்றை ரவுட்டரில் போட்டுப் பாருங்க.

2018 மார்ச்சில் திகன கலவரத்தின்போதும், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் பேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் நாடு முழுவதும் நின்றன. வி.பி.என். என்ற சொல்லைப் பலர் அப்போதுதான் கேட்டோம். வி.பி.என். என்பது ஒரு கவருக்குள் இன்னொரு கவர். உங்க கம்பனிக்கு வெளிக் கவரின் முகவரி மட்டும் தெரியும். உள்கவரை எங்கோ வெளிநாட்டில் ஒருவர் பிரித்து உரிய இடத்துக்கு அனுப்புவார். ஆக, உங்க கம்பனியை நம்பாமல் அந்த ஒருவரை நம்புகிறீர்கள். இலவச வி.பி.என். போடும்முன் அவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்க. பிரவுசரில் தெரிகிற பூட்டு அடையாளம் வேறு: அது போஸ்ட்கார்டுக்கும் ஒட்டின கவருக்கும் உள்ள வித்தியாசம். கிளாக்கருக்கு யாருக்கு எழுதுகிறீர்கள் என்று தெரியும், என்ன எழுதினீர்கள் என்று தெரியாது.

*

வேகம் பற்றி எல்லாரும் ஏமாறுகிற இடம் ஒன்று. விளம்பரத்தில் 100 எம்.பி.பி.எஸ். என்பது மெகாபிட். கோப்பின் அளவு மெகாபைட். 8 பிட் ஒரு பைட். ஆக 100 என்றால் விநாடிக்கு 12.5 மெகாபைட், அதுவும் எல்லாம் சரியாக இருந்தால். இது அகலம். தாமதம் என்பது வேறு, கேம்காரர்கள் 'பிங்' என்று சொல்வது.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்க பொகவந்தலாவை சென்ட் மேரிஸ் தேவாலயத்துக்குப் போகலாம். அங்கே ஜூலியா மார்கரெட் கெமரன் புதைக்கப்பட்டிருக்கிறார். உலகப் புகழ்பெற்ற போட்டோக்காரர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து 1879இல் இந்தப் பக்கத்தில் இறந்தார். அப்போது ஹட்டனுக்கு ரயில் இல்லை, அது 1884இல்தான் வந்தது. அந்த அம்மா ஒரு பெட்டி நிறையக் கண்ணாடித் தகட்டுப் படங்களை லண்டனுக்கு அனுப்பியிருந்தால் அது நவலப்பிட்டி வரை வண்டியில், பிறகு ரயிலில், கப்பலில் என்று வாரக்கணக்கில் போயிருக்கும். அகலம் பெரியது: ஒரே தடவையில் பெட்டி நிறையப் படம். தாமதம் வாரங்கள். அதே காலத்தில் தந்திக் கம்பி இருந்தது (கொழும்பு–காலி தந்தி 1858இலேயே வந்துவிட்டது). தந்தியில் தாமதம் குறைவு, ஆனால் அகலம் சில சொற்கள். வீடியோ தெளிவாக ஓடியும் சூம் வகுப்பில் குரல் விட்டுவிட்டு வந்தால், அகலம் இருக்கு, தாமதம்தான் சரியில்லை.

இலங்கையில் இன்டர்நெட் பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. மொறட்டுவையில் பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உருவாக்கிய லேர்ன் வலையமைப்பில் 1990இல் மின்னஞ்சல் ஓடத் தொடங்கியது. 1995இல் காசு கொடுத்து வாங்கக்கூடிய இணைப்பு வந்தது. அது டயலப் காலம்: மோடம் என்ற பெட்டி கம்பியூட்டரின் பிட்டுகளைச் சத்தமாக மாற்றி டெலிபோன் கம்பியில் அனுப்பும். டெலிபோன் கம்பி வேண்டும். தோட்டத்தில் கம்பி எங்கே போனது? பங்களாவுக்கும் ஒஃபிசுக்கும். லயத்துக்காரர் பேச வேண்டுமென்றால் டவுனில் 'கொமினிகேஷன்' கடையில் நிமிசக் கணக்கில் காசு கொடுத்துப் பேசுவார். அதனால் எங்களில் பெரும்பாலானவர்களுக்கு மோடம் சத்தம் தெரியாது. எங்களுக்கு வந்த முதல் இன்டர்நெட்டே டவரிலிருந்து காற்றில் வந்தது.

காற்றில் வருவதற்கு மலை ஒரு தொல்லை. 2021இல் பதுளை மாவட்டத்தில் பிள்ளைகள் ஒன்லைன் வகுப்புக்காக மலை உச்சிக்கு ஏறிப் படித்தது உலகச் செய்தியானது. கொரோனா காலத்தில் எங்க பக்கத்திலும் எந்தப் பாறையில் எத்தனை கோடு சிக்னல் என்று எல்லாருக்கும் மனப்பாடம். டவருக்கும் உங்களுக்கும் நடுவில் மலை இருந்தால் ரவுட்டர் எவ்வளவு விலையானாலும் பிரயோசனம் குறைவு. அடுத்த தொல்லை கூரை. தகரம் ரேடியோ அலையைத் தடுக்கும். 4ஜி ரவுட்டரை அலுமாரி மேலே பத்திரமாக வைப்பதைவிட, டவர் உள்ள பக்கத்து ஜன்னலில் வைப்பது நல்லது. சிலர் 4ஜியையும் வைஃபையையும் குழப்பிக்கொள்கிறார்கள்: டவரிலிருந்து ரவுட்டர் வரை 4ஜி, ரவுட்டரிலிருந்து போன் வரை வைஃபை. வைஃபை கோடு முழுசாக இருந்தும் நெட் இல்லை என்றால் பழுது முதல் பாதியில். வைஃபையில் 2.4, 5 என்று இரண்டு அலைவரிசை இருக்கும். 2.4 சுவரைத் தாண்டிப் போகும், வேகம் குறைவு. 5 வேகம், ஆனால் இரண்டு சுவருக்கு அப்பால் சோர்ந்துவிடும்.

தங்கச்சியின் காம்பராவில் ரவுட்டர் இப்போது முன் ஜன்னலில் இருக்கிறது. மழை அடித்தால் ஒரு பொலித்தீன் பை போட்டு மூடுகிறார்கள் (காற்றுப் போக இடம் விடச் சொல்லியிருக்கிறோம், சூடாகும்). அட்மின் பாஸ்வேர்டை மாற்றினாள். வைஃபைக்குப் பெயர் வைக்கச் சொல்லிக் கேட்டது. கம்பனி வைத்திருந்த எழுத்தும் எண்ணுமான பெயரை அழித்துவிட்டு '4ஆம் காம்பரா' என்று தமிழில் அடித்தாள், ஏற்றுக்கொண்டது. ஒட்டின சுவர் என்பதால் 3ஆம் காம்பரா, 5ஆம் காம்பராக்காரர்களின் போனிலும் அந்தப் பெயர் தெரிகிறது. அடுத்த நாளே பக்கத்து வீட்டு அத்தை வந்து பாஸ்வேர்டு கேட்டார், மகளுக்கு ஓ.எல். என்று. கொடுத்துவிட்டாள். இப்போது சாயந்திரம் ஏழு மணிக்கு அட்டவணையில் ஒன்பது கருவி நிற்கிறது, வேகம் படுமோசம். கெஸ்ட் நெட்வொர்க் ஒன்று தனியாகப் போட்டு அதற்கு மட்டும் வேகத்துக்கு வரம்பு வைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறாள். அந்த ரவுட்டரில் அந்த வசதி இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கிறோம்.